மாசி மகத்தன்று கரையேறிய நண்டுகள்

எங்கள் கடைக்கு நண்டு வராமல் போனதுதான் இந்தப் பிரயாணத்துக்கெல்லாம் ஆதி காரணம். ஜோகூர் பாருவில் ரயிலடிக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் நண்டுக் குழம்பு. அதற்காகவே சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டி வருகிறவர்கள் உண்டு. இது தற்பெருமை இல்லை, சாப்பிட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். போன வருஷமும் இந்த வருஷமும் மாசி மகத்துக்கு நான் மாசாய்ப் பக்கத்துக் கடற்கரைக்குப் போய் வந்ததைக் கேள்விப்பட்டு, "நாங்களும் போகலாமா, எப்படிப் போவது?" என்று பல பேர் கல்லாவுக்கு எதிரே நின்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

நண்டு கொண்டுவந்து தருகிறவன் அவாங். ஓராங் செலேத்தார் என்று மலாய்க்காரர்கள் சொல்கிற கடல் ஜனங்களில் ஒருவன். அவர்களுக்கு நிலத்தில் வீடு கிடையாது. ஓலைக் கூரை வேய்ந்த படகுதான் வீடு. அடுப்பு, தொட்டில், நாய், பெண்டாட்டி, பிள்ளை எல்லாம் அதற்குள். வாரம் ஒரு தரம் துறைமேடைக்கு வந்து, உயிர் நண்டைக் கொடுத்துவிட்டு அரிசியும் புகையிலையும் வாங்கிக்கொண்டு போவான். அவன் கொண்டுவரும் நண்டைக் கூடையிலிருந்து எடுக்க எனக்கே பயம். கொடுக்கு அவ்வளவு பெரிது, கோபமும் அவ்வளவு.

போன வருஷம் தை மாதத்தில் நண்டு குறைந்தது. பிறகு நின்றேவிட்டது. ஒருநாள் அவாங் வெறுங்கையோடு வந்து நின்றான். அவனும் நானும் மலாயில்தான் பேசுவோம். "ஆயர் சுடா மாத்தி, தவுக்கே" என்றான். தண்ணீர் செத்துப்போயிற்றாம், முதலாளி என்கிறான். எனக்கு வந்ததே கோபம்! தண்ணீர் எங்கேயாவது சாகுமா? வேறு எவனோ கூடக் காசு கொடுத்து இவனை வளைத்துவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

அதே வாரம் கடைக்குச் சாப்பிட வந்தான் வீரமுத்து. மாசாய்க்கு அப்பாலுள்ள ஒரு ரப்பர் தோட்டத்தில் ஸ்டோர் மண்டோர், அதாவது ரப்பர் பாலை உறைய வைத்துத் தகடாக்கும் கட்டடத்துக்கு மேஸ்திரி. தோட்டத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை, வம்பு எதற்கு? அவன் சொன்ன சேதி வேறு மாதிரி இருந்தது.

"அண்ணே, நம்ம தோட்டத்து ஓடை கடல்ல சேர்ற எடத்துல மாசி மகத்துக்கு ஆத்தாவ எறக்குவோம்ல? ரெண்டு வருசமா மீனும் நண்டும் தானா கரைக்கு ஏறி வருது. கையால அள்ளலாம். ஆத்தா கூப்புடுறா, அதுங்க வருது. வந்து பாருங்க."

எந்த ஓடை என்று விசாரித்தால், அவாங் படகைக் கட்டி நிறுத்துகிற அதே ஓடை! ஒருவன் நண்டே இல்லை என்கிறான், இன்னொருவன் நண்டு நடந்து வருகிறது என்கிறான். இரண்டு பேரில் ஒருவன் என் காதில் பூச் சுற்றுகிறான் என்று தீர்மானித்து, கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

ஜோகூர் பாருவிலிருந்து மாசாய்க்குப் பன்னிரண்டு மைல். காலை ஏழு மணி பஸ்ஸில் முப்பது காசு. பஸ் என்று பெயர்தானே தவிர, கோழிக் கூண்டும் அன்னாசி மூட்டையும் ஏறிய பிறகு மிச்சமிருக்கும் இடத்தில்தான் மனிதர்கள். சாலை செம்மண். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போகாதீர்கள். மாசாயில் சீனன் காப்பிக் கடையில் வயிற்றை நிரப்பிக்கொள்வது நல்லது, அதற்கப்பால் ஒன்றும் கிடைக்காது. அங்கிருந்து தோட்டத்துக்கு நான்கு மைல். திருநாளுக்கு முந்தின நாள் தோட்டத்து மாட்டு வண்டி வருகிறது, காசு கேட்பதில்லை.

நான் போய் இறங்கியபோது தோட்டமே ஸ்டோரில் இருந்தது. திருநாளுக்கு முந்தின நாள் பால் வெட்டு முடிந்ததும் ஆணும் பெண்ணுமாக ஸ்டோரைக் கழுவுவது அவர்கள் வழக்கம். ஆத்தாளின் தேர் ஸ்டோர் வழியாகத்தான் ஓடைக்குப் போக வேண்டும். அவள் மூக்கில் அந்த நாற்றம் படலாமா? ரப்பர் ஸ்டோர் நாற்றத்தை அறியாதவர்களுக்கு எப்படிச் சொல்வது? பழைய சோற்றையும் அழுகின முட்டையையும் ஒரே பானையில் போட்டு மூடி வைத்துத் திறந்தது போலிருக்கும். பால் உறைந்த பிறகு மிஞ்சும் புளித்த தண்ணீரெல்லாம் பின்புறத்தில் இரண்டு வருஷத்துக்கு முன் கட்டின பெரிய தொட்டியில் தேங்கி நிற்கும். தினமும் கொஞ்சம் வழிந்து ஓடைக்குப் போகும். வருஷத்துக்கு ஒருநாள், இந்த நாளில்தான், தொட்டியின் அடிப்பலகையைத் தூக்கி வண்டல் வரைக்கும் மொத்தமாகத் திறந்துவிடுகிறார்கள். நானும் சும்மா நிற்க வெட்கப்பட்டு நாலு வாளி தண்ணீர் ஊற்றினேன். வீரமுத்துவின் மனைவி அஞ்சலை எல்லாப் பெண்களுக்கும் முன்னால் நின்று, முழங்கால் வரை அந்தச் சகதியில் இறங்கித் தேய்த்தாள். அவள் வீடு அந்தத் தொட்டிக்கு அடுத்தாற்போலத்தான்.

"நாத்தத்துலயே பொழைக்கிறோம் அண்ணே," என்றாள். "வருசத்துல ஒருநாளாவது என் வீட்டுல நல்ல காத்து வரட்டும்."

மறுநாள் விடியும்போதே தேர் கிளம்பியது. தேர் என்றால் நான்கு பேர் தோளில் சுமக்கும் சப்பரம். ஸ்டோரிலிருந்து கடலுக்கு ஒரு மைல் இருக்கும். ஓடைக் கரையோடு, உப்புச் சேற்றில் வேர்விட்டு நிற்கும் கண்டல் காட்டுக்குள் நடக்க வேண்டும். மேளம் அடிக்கிறார்கள், பெண்கள் குலவை போடுகிறார்கள், ஆனாலும் எனக்கு என்னவோ போலிருந்தது. காரணம் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மேளம் நின்ற நேரத்தில் காட்டில் ஒரு சத்தமும் இல்லை. கண்டல் காட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும், தண்ணீர் வற்றும்போது சேறு முழுக்கச் சடசடவென்று அடுப்பில் உப்புப் போட்டது போலப் பொரியும். நண்டும் இறாலும் போடுகிற சத்தம் அது. இங்கே சேறு ஊமையாகக் கிடந்தது. ஓடைத் தண்ணீர் வெளுத்து, மேலே நுரை தட்டி, அசையாமல் நின்றது. கொக்கு ஒன்றுகூட இல்லை.

பிறகு மரங்களைப் பார்த்தேன். வேர்களில், தண்டுகளில், எட்டின உயரம் வரைக்கும் நண்டுகள் ஏறி ஒட்டிக்கொண்டிருந்தன. நூற்றுக்கணக்கில். எல்லாம் தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒன்றும் அசையாமல்.

கரைக்கு வந்ததும் வீரமுத்து சொன்னது நிஜம் என்று தெரிந்தது. கடல் வற்றிக் கிடந்தது. தண்ணீரின் விளிம்பு நெடுக மீன்கள் தலையை மேலே நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடின. மடவை, கெளுத்தி, திருக்கை எல்லாம். ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு மணலில் ஏறின. "ஆத்தா! மகமாயி!" என்று ஜனங்கள் விழுந்து கும்பிட்டார்கள். சிலர் அழுதார்கள். ரப்பர் விலை விழுந்து, சம்பளத்தை வெட்டி, ஆளைக் குறைத்து, கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. கருவாட்டுத் துண்டுக்கே வழியில்லாத வீடுகள். கூடையோடு மீன் கிடைத்தால் கும்பிடாமல் என்ன செய்வார்கள்? பொய் சொல்வானேன், நானும் கும்பிட்டேன்.

கும்பிட்டுவிட்டு ஒரு நண்டைத் தூக்கினேன். பெரிய ஆண் நண்டு. இருபது வருஷமாக நண்டு கழுவுகிற கை இது, எங்கே பிடிக்க வேண்டுமென்று எனக்குத் தெரியும். அன்று பதற்றத்தில் முன்பக்கமாகவே பிடித்துவிட்டேன். அது கடிக்கவில்லை. கொடுக்கைத் தூக்கக்கூட இல்லை. என் உள்ளங்கையில் உட்கார்ந்து கண்ணை மட்டும் ஆட்டியது. முகர்ந்து பார்த்தேன். முந்தின நாள் என் வேட்டியில் ஏறிய ஸ்டோர் நாற்றம்!

அப்போதுதான் தூரத்தில், தெளிந்த தண்ணீர் தொடங்குகிற இடத்தில், அவாங்கின் படகைக் கண்டேன். முழங்கால் தண்ணீரில் நடந்து போனேன். அவன் மனைவி ஈத்தாம் கைக்குழந்தையோடு படகின் மூக்கில் உட்கார்ந்திருந்தாள். அவர்களுடைய நாய்கள் இரண்டும் கரையில் குவிந்த மீனைப் பார்த்தும் இறங்கவில்லை.

"உங்க ஆளுங்க ஏன் பாடுறாங்க தவுக்கே?" என்று அவாங் கேட்டான்.

"சாமி மீனைக் கூப்பிட்டது என்று சந்தோஷப்படுகிறார்கள்."

அவன் சிரிக்கவில்லை. "அதுங்க வரல, தவுக்கே. ஓடுதுங்க. வீடு எரிஞ்சா நீங்க ஓடி வரமாட்டீங்களா?"

ஈத்தாம் ஓடைப் பக்கம் கையைக் காட்டினாள். உள்ளே இருக்கும் ஒரு மேட்டில்தான் அவள் அப்பாவைப் புதைத்திருக்கிறதாம். கடலில் எத்தனை ஓடை இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு குடும்பம் உண்டு, இந்த ஓடை அவளுடையது. "நாங்க இப்ப அடுத்தவங்க ஓடையில இருக்கோம். அவங்க ஒண்ணும் சொல்லல. ஆனா எத்தனை நாளைக்கு?" என்றாள். பிறகு, "அந்த வெள்ளைத் தண்ணியை யார் விடுறாங்களோ அவங்க உங்க பாஷைதானே பேசுறாங்க? நீங்க கேளுங்க" என்றாள்.

அதற்கு மேல் எனக்கு என்ன விளங்க வேண்டும்? ஆத்தாளுக்காக ஸ்டோரைக் கழுவுகிறார்கள். கழுவின தண்ணீரில் கடல் மூச்சு முட்டுகிறது. மூச்சு முட்டி வந்த மீனைப் பார்த்து ஆத்தா கொடுத்தாள் என்று அடுத்த வருஷம் இன்னும் பக்தியாகக் கழுவுகிறார்கள். யார் மேல் குற்றம் சொல்வது?

அன்று சாயங்காலம் வீரமுத்துவைத் தனியே அழைத்து விஷயத்தைச் சொன்னேன். சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன். அவன் பீடியைக் கீழே போட்டு மிதித்தான்.

"எனக்குச் சந்தேகம் இருந்துச்சுண்ணே. ஆனா லயத்து வீடுகள்ல போய், 'ஆத்தா வரல, என் தொட்டித் தண்ணிதான் வந்துச்சு'ன்னு எப்படிச் சொல்வேன்? இந்த ஒரு நாளுக்காகத்தான் உசுரோட இருக்குதுங்க அத்தனை சனமும்."

"சொல்ல வேண்டாம்ப்பா. தண்ணியை ஓடைக்கு விடாதே. அது போதும்."

ஆள் கெட்டிக்காரன். ஓடை நாற்றத்தைக் காரணம் காட்டித் துரையிடம் பேசி, ஸ்டோருக்குப் பின்னால் ஒரு பள்ளம் வெட்டி, மண்ணால் கரை கட்டி, புளித்த தண்ணீரை அதில் திருப்பிவிட்டான். மழை நாலு பெய்தது. ஓடை மெல்ல மெல்லத் தெளிந்தது. மார்கழியில் அவன் ஆள் மூலம் சொல்லியனுப்பினான், "சேத்துல சத்தம் கேக்குதுண்ணே!" நான் கடையிலிருந்தவர்களுக்கெல்லாம் அன்று காப்பி இனாமாகக் கொடுத்தேன். அவாங் ஈத்தாமோடு துறைமேடைக்கு வந்தபோது சொன்னேன், "ஓடை பிழைத்துவிட்டது. மாசி மகத்தன்று நானும் வருகிறேன். நீங்களும் வந்துவிடுங்கள்." ஈத்தாம் அன்றைக்குத்தான் என்னைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தாள்.

இந்த வருஷம் மாசி மகம். அதே பஸ், அதே முப்பது காசு. பள்ளத்தில் தண்ணீர் கரை தட்டி நின்றது, பக்கத்தில் நிற்க முடியவில்லை. திருநாளுக்கு முந்தின நாள் ஸ்டோரைத் துடைத்ததோடு சரி, வீரமுத்து யாரையும் தொட்டியின் பலகையைத் தொடவிடவில்லை. விடியலில் தேரோடு கண்டல் காட்டுக்குள் நடந்தபோது சேறு சடசடவென்று பொரிந்தது. எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது.

கரையில் ஆத்தாளை இறக்கினார்கள். குளிப்பாட்டினார்கள். கூடைகளை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். மீன் வரவில்லை. மேளம் அடித்தார்கள், வரவில்லை. குலவையெல்லாம் ஓய்ந்து, குழந்தைகள் பசியில் சிணுங்க ஆரம்பித்தன. வெயில் ஏறியது, தண்ணீரும் ஏறியது. முந்நூறு பேர் வெறுங்கூடையோடு கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். போன வருஷம் தண்ணீரின் விளிம்பில் மீன்கள் நெருக்கியடித்து நின்றன, இந்த வருஷம் இவர்கள்.

திடீரென்று அஞ்சலைக்கு அருள் வந்தது. தலைமுடி அவிழ்ந்தது. அவள் குரலே இல்லை அது.

"நாத்தத்த என் வாசல்ல கட்டி வச்சுட்டு என்னை வா வான்னு கூப்புடுறீங்களா? உங்களுக்கு நான் எதுக்குடா வரணும்? உடைடா! உடைச்சு விடுடா!"

வீரமுத்துவின் முகத்தை நான் பார்த்தேன். அவளைத் தடுக்கக் கையை நீட்டினான், பாதியில் இழுத்துக்கொண்டான். எப்படித் தடுப்பான்? பேசுகிறவள் பெண்டாட்டி, பேசுகிறது ஆத்தா. ஒரு வருஷமாக அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்திலேயே உலை வைத்து, அந்தக் காற்றிலேயே தூங்கி எழுந்தவள் அவள். பொய் சொன்னாள் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். அவள் சொன்னதில் எது பொய்?

ஆண்கள் தேரைக்கூட விட்டுவிட்டு ஓடினார்கள். "பொறுங்கப்பா! கேளுங்கப்பா!" என்று நான் கத்தினது யார் காதிலும் விழவில்லை. வீரமுத்து பின்னாலேயே ஓடினான். நான் பருத்த உடம்பு, பாதி வழியில் மூச்சு வாங்கி ஓடைக் கரையில் நின்றுவிட்டேன். மேலே பள்ளத்தின் கரையில் மண்வெட்டி விழுகிற சத்தம் கேட்டது. பிறகு எல்லோரும் ஒரே குரலில் கூவினார்கள்.

ஏற்றத் தண்ணீரோடு ஓடைக்குள் ஒரு படகு வந்துகொண்டிருந்தது. முன்னால் நாய்கள் நின்றன. ஈத்தாம் துடுப்புப் போட்டாள், குழந்தை அவள் மடியைப் பிடித்துக்கொண்டு நின்றது. படகு நிறையப் பாய், சட்டி, தண்ணீர்க் குடம், புது ஓலை. தங்க வருகிறவர்கள் கொண்டுவரும் சாமான்கள். அவாங் என்னைக் கண்டு கையை உயர்த்தினான்.

அவர்களுக்கு எதிரே, வளைவுக்கு அந்தப் பக்கம், ஒரு வருஷத்துத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு இறங்கியது. அது போகிற இடமெல்லாம் சேற்றின் சத்தம் அணைந்துகொண்டே வந்தது. முதலில் தூரத்தில், பிறகு பக்கத்தில், பிறகு என் காலடியில். ஒரு நண்டு என் செருப்பின் மேல் ஏறிற்று.

"பாலிக்! பாலிக்!" என்று கத்தினேன். திரும்பிப் போங்கள் என்று. வாருங்கள் என்று அழைத்த அதே வாயால். தொண்டை கிழியக் கத்தினேன். ஈத்தாம் துடுப்பை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள், வளைவைப் பார்த்தாள், அவள் அப்பா படுத்திருக்கும் மேட்டைப் பார்த்தாள். படகைத் திருப்பினாள்.

மறுநாள் விடியலில் கரை முழுக்க மீன். ஆத்தா மன்னித்துவிட்டாள் என்று தோட்டமே பொங்கல் வைத்தது. வீரமுத்து எனக்கு எதிரே வரவில்லை. நானும் தேடிப் போகவில்லை. அந்த ஸ்டோரைக் கட்டின துரைமாருக்கு இதில் ஒரு தலைவலியும் இல்லை. பள்ளம் காலியாகிவிட்டது, தொட்டி பழையபடி ஓடைக்கே வழிகிறது. அவாங் அதற்குப் பிறகு துறைமேடைக்கு வரவில்லை. கடையில் ஞாயிற்றுக்கிழமை இப்போது கோழிக் குழம்புதான், ருசியாகத்தான் இருக்கும், வாருங்கள்.

போக நினைக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். பஸ் காலை ஏழு மணிக்கு, அதை விட்டால் மத்தியானம். குடிக்கிற தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். கண்டல் காட்டில் செருப்பில்லாமல் நடக்காதீர்கள். ஆத்தாளை நன்றாகக் கும்பிடுங்கள், அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நண்டைத் தொட்டுப் பாருங்கள். கடிக்காத நண்டாக இருந்தால் கூடையில் போடாதீர்கள். ஜலசந்தியில் எங்கேயாவது இரண்டு நாய்களோடு ஓலைக் கூரைப் படகு ஒன்று தென்பட்டால், எந்த ஓடை என்று எனக்குச் சொல்ல வேண்டாம். அங்கே சேறு சத்தம் போடுகிறதா என்று மட்டும் வந்து சொல்லுங்கள்.